குழு உளச்சிகிச்சை: உள்ளே அமர்ந்து பார்த்தபோது

குழு உளச்சிகிச்சை என்பது ஒரு சிகிச்சையாளரின் நேரத்தை ஏழெட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்றும், தனியாகச் சிகிச்சை பெற வாய்ப்பில்லாதவர்களுக்கான இரண்டாந்தர மாற்று என்றும் எண்ணுவோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் உள்ளே அமர்ந்தவருக்கு அங்கே நடப்பது வேறொரு வேலை என்பது சில வாரங்களிலேயே புலப்படத் தொடங்கும். தனிச் சிகிச்சையில் நாம் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறோம் என்பதைப் பற்றிப் பேசுகிறோம். குழுவில் நாம் பழகும் விதமே எல்லோர் கண்முன்னும் நிகழ்ந்துவிடுகிறது. குழுவின் பயனும் சிரமமும் ஆபத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்று என் அனுபவத்திலிருந்து சொல்வேன்.

பல ஆண்டுகளாக விட்டுவிட்டு வந்த மனச்சோர்வுக்கு நான் மருந்தும் தனிநபர் சிகிச்சையும் பெற்றுவந்தேன். இரண்டும் பயனளித்தன. உறக்கம் திரும்பியது, வேலைக்குச் செல்ல முடிந்தது, காலையில் கண்விழிக்கும்போதே அழுத்தும் பாரம் குறைந்தது. ஆயினும் மனிதர்களிடமிருந்து விலகி நிற்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. என் துயரம் யாருக்கும் சுமையாகிவிடக் கூடாது என்று சிறுவயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டதும், அதனால் நெருங்கி வருபவர்களிடம் அவர்களைப் பற்றி மட்டுமே பேசி என்னைப் பற்றிய பேச்சைத் தவிர்த்துவந்ததும் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தன. யாராவது உண்மையான அக்கறையோடு நலம் விசாரிக்கும் கணத்தில் அந்த அறிவெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். என்னைக் குழுவுக்கு அனுப்பிய உளவியலாளர் சொன்ன காரணமும் அதுவே: "உங்களிடம் விளக்கம் போதுமான அளவு இருக்கிறது. இனிப் பழகிப் பார்ப்பதற்கு மனிதர்கள் வேண்டும்."

மேலே செல்வதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழுவில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். குழு முடிந்த பிறகும் அந்த வாக்கு முடிவதில்லை. எனவே மற்ற உறுப்பினர்கள் யார், அவர்களை அங்கே அழைத்துவந்த துன்பம் எது என்பதை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதவில்லை. என்னிடம் சொல்லப்பட்டவற்றுள் ஒன்றிரண்டை மட்டும், சொன்னவரின் இசைவைப் பெற்று எழுதுகிறேன். வாசிப்பவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் அங்கே யாரும் வாய் திறந்திருக்கவே மாட்டார்கள்.

குழுவில் சேருவதற்கு முன்பு அதை நடத்தும் சிகிச்சையாளர்கள் இருவரும் என்னைத் தனியாகச் சந்தித்தார்கள். அது வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை. தற்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, மது அல்லது போதைப்பொருள் பழக்கம் உண்டா, என்ன மருந்துகள் எடுத்துக்கொள்கிறேன் என்பவற்றைக் கேட்டறிந்தபின், நான் எதிர்பாராத திசையில் கேள்விகள் சென்றன. ஒருவர் என்னைப் புண்படுத்தினால் நான் என்ன செய்வேன், இதுவரை விட்டு விலகிய உறவுகளை எப்படி விட்டு விலகினேன், ஒரு கூட்டத்தில் எனக்கு வழக்கமாக என்ன இடம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். பிறகு, "இப்போது நீங்கள் சொன்னது அனைத்தும் குழுவிலும் நடக்கும். நடக்கும்போது எழுந்து போய்விடத் தோன்றும். அன்றுதான் நீங்கள் வர வேண்டும்" என்றார் அவர்களுள் ஒருவர். எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே மிகப் பயனுள்ளது இதுதான் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். இத்தகைய முன்தயாரிப்பு பெற்றவர்கள் குழுவில் நிலைத்திருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எனவே உங்களைத் தனியாகச் சந்தித்துப் பேசாமல், பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரமே வந்து அமரச் சொல்லும் பேச்சுக் குழுவாக (பாடத்திட்டமின்றி, உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசுவதையே சிகிச்சையாகக் கொள்ளும் குழுவாக) இருந்தால், சேருவதற்கு முன் அதற்கான காரணத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

விதிகளும் அந்தச் சந்திப்பிலேயே விளக்கப்பட்டன. வாரந்தோறும் குறித்த நேரத்தில் வர வேண்டும். வர இயலாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பேசியது வெளியே போகக் கூடாது. விலக விரும்பினால் திடீரென்று நின்றுவிடாமல், குழுவில் அறிவித்துச் சில வாரங்கள் தொடர்ந்த பின்னரே விலக வேண்டும். குழு நடக்கும் காலத்தில் உறுப்பினர்கள் வெளியே நட்போ காதலோ வளர்த்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதும், தற்செயலாகச் சந்தித்துப் பேச நேர்ந்தால் அதை அடுத்த அமர்வில் எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும் என்பதும் மற்றொரு விதி. இந்தக் கடைசி விதி பலருக்குக் கடுமையாகத் தோன்றும். இருவர் வெளியே சந்தித்துத் தங்களுக்குள் சிலவற்றை வைத்துக்கொண்டால், அவர்கள் உள்ளே ஒருவரோடொருவர் உண்மையாகப் பேசுவது கடினமாகிவிடும். மற்றவர்களும் காரணம் புரியாமலே தங்களைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். விதியின் நோக்கம் நட்பைத் தடுப்பது அன்று, எதையும் வட்டத்துக்குள் கொண்டுவருவதுதான்.

எங்கள் குழு ஒன்றரை மணி நேரம் கூடியது. இத்தகைய குழுக்களில் பொதுவாக ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருப்பார்கள். அதற்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் குழு என்ற உணர்வே போய்விடும். கூடினால் மௌனமாக ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். நாற்காலிகள் வட்டமாக இருந்தன, மேசை கிடையாது. பாடத்திட்டமோ, அன்றைய தலைப்போ, முறைவைத்துப் பேசும் வரிசையோ எதுவும் கிடையாது. சிகிச்சையாளர்கள் வணக்கம் சொல்லிவிட்டு அமைதியாக அமர்ந்திருப்பார்கள். யாராவது பேசத் தொடங்கும்வரை அந்த அமைதி நீடிக்கும். தொடக்க வாரங்களில் அந்த அமைதியைவிட எனக்குத் துன்பமானது வேறொன்றும் இருக்கவில்லை.

எல்லாக் குழுக்களும் இப்படி இருப்பதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் தமக்குப் பொருந்தாத வகையில் சேர்ந்துவிட்டு, குழுச் சிகிச்சையே தமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அறிதிறன் நடத்தைச் சிகிச்சைக் குழுக்களில் ஒவ்வொரு அமர்வுக்கும் திட்டம் உண்டு; வீட்டுப்பாடமும் உண்டு; எண்ணங்களைப் பதிவுசெய்து ஆராய்வதும், அஞ்சும் சூழல்களைப் படிப்படியாக எதிர்கொள்வதும் கற்றுத்தரப்படும். மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில், கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தாங்கும் திறன்களை வாராந்தரக் குழுவில் வகுப்பைப் போலவே கற்பிக்கிறார்கள். கற்றதை வாழ்க்கையில் பொருத்திப் பார்க்கத் தனிச் சிகிச்சையும் அதனோடு இணைந்து நடக்கிறது. மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வைத் தடுக்க எட்டு வாரங்கள் நடத்தப்படும் மனக்கவனப் பயிற்சிக் குழுக்களும் (அந்தந்தக் கணத்தில் மனத்தில் எழுவதை எடைபோடாமல் கவனிக்கப் பழக்குபவை) உண்டு. சில குழுக்களில் உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி, குறித்த வாரங்களுக்குப் பின் ஒன்றாகவே முடிப்பார்கள். புதியவர்கள் நடுவில் சேர முடியாது. வேறு சில, ஒருவர் விலகியதும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடக்கும். நான் இருந்தது இந்த இரண்டாம் வகை. உறுப்பினர்களுக்கு இடையே நிகழ்வதையே மருந்தாகக் கொள்ளும் குழு.

இந்தச் சிகிச்சைக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பதை அறிந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. 1905-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட், காசநோய் மருத்துவ இல்லங்களில் தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற ஏழை நோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டி, நோயோடு வாழ வேண்டிய முறையைக் கற்பித்தார். அவர் எண்ணியது உடல்நலப் பாடம் நடத்தத்தான். ஆனால் ஒரே நோயால் துன்புறுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே அவர்களுடைய மனநிலையை உயர்த்துகிறது என்பது அங்கே வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகில் இருந்த நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில், போரால் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களோடு வில்ஃபிரட் பியோன், எஸ். எச். ஃபோக்ஸ் போன்ற மருத்துவர்கள் குழுவாகப் பணியாற்றினார்கள். இன்று பேச்சுக் குழுக்கள் நடக்கும் முறையில் பெரும்பகுதி அங்கே முளைவிட்டதுதான். ஒரு குழு தன் வேலையைச் செய்வதை விட்டுவிட்டு, யாரோ ஒரு தலைவர் தன்னைக் காப்பாற்றுவார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடும் என்பதைப் பியோன் கவனித்து எழுதினார். எங்கள் தொடக்க வாரங்களின் மௌனம் ஏன் அவ்வளவு கனத்திருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த விளக்கம் அது. நாங்கள் எல்லோரும் சிகிச்சையாளர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் கிடைத்த ஆறுதல் சிகிச்சையாளர்களிடமிருந்து வரவில்லை. எனக்கு மட்டுமே உரியது, யாரிடமும் சொல்லத் தகாதது என்று நான் பொத்திவைத்திருந்த ஓர் எண்ணத்தை, முற்றிலும் வேறுபட்ட வாழ்க்கை வாழும் ஒருவர் ஏறத்தாழ என் சொற்களிலேயே சொன்னார். அந்த எண்ணத்தைப் பற்றித் தனிச் சிகிச்சையில், "இது பலருக்கும் வருவதுதான்" என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அதை நான் நம்பியும் இருந்தேன். ஆனால் ஒரு நிபுணர் தரும் தகவலாக அதைக் கேட்பதும், கைகள் நடுங்க ஒருவர் அதையே சொல்வதை எதிரில் அமர்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல. வெட்கத்தின் பிடி அன்று தளர்ந்ததை நான் உடலிலேயே உணர்ந்தேன்.

குழுச் சிகிச்சை எதனால் பயனளிக்கிறது என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பதினொரு காரணிகளாக வகுத்தார். தன் துன்பம் தனக்கு மட்டுமே உரியதல்ல என்று அறிவது அவற்றுள் ஒன்று. தனக்கு முன்னே தேறிவருபவரைப் பார்ப்பதால் பிறக்கும் நம்பிக்கை, பிறருக்கு உதவ முடிவது, மற்றவர்களைப் பார்த்துக் கற்பது, பிறந்த குடும்பத்தில் நிகழ்ந்தவை குழுவில் மீண்டும் தலைதூக்கும்போது இம்முறை வேறுவிதமாக முடிவது, குழுவோடு ஏற்படும் பிணைப்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலாகப் படித்தால் இவை அனைத்தும் சமமாகத் தோன்றும். என்னைப் பொறுத்தவரை இரண்டே காரணிகள் மற்ற அனைத்தையும் தாங்கி நின்றன. ஒன்று, பிணைப்பு, மற்றொன்று, பிறர் கண்ணில் நாம் எப்படிப் படுகிறோம் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு அதிலிருந்து கற்பது. பிணைப்பு இல்லாத குழுவில் இரண்டாவது நிகழ்ந்தால் அது வெறும் குற்றச்சாட்டாகிவிடும்.

அந்த இரண்டாவது எனக்கு எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில மாதங்கள் கடந்திருந்தன. குழுவில் நான் நன்றாகப் பொருந்திவிட்டதாக எண்ணியிருந்தேன். எல்லோரும் சொல்வதைக் கவனமாகக் கேட்பேன். முன்பு சொன்னதை நினைவில் வைத்திருந்து விசாரிப்பேன். யாராவது கலங்கினால் முதலில் பேசுபவன் நானாகவே இருப்பேன். ஒரு நாள் உறுப்பினர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள் என்னிடம் இவ்வளவு கேட்கிறீர்கள், ஆனால் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் எதிரில் பேசும்போது எனக்குத் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

இத்தகைய கணத்தில் நல்ல சிகிச்சையாளர் என்ன செய்கிறார் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அவர் என்னைத் தற்காக்கவும் இல்லை. அந்த உறுப்பினர் சொன்னதுதான் உண்மை என்று தீர்ப்பளிக்கவும் இல்லை. முதலில் பேசியவரிடம், இதைச் சொல்வது அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருக்கிறதா, அல்லது மாறாகத் தோன்றியிருக்கிறதா என்று கேட்டார். ஒருவர், என் அக்கறை தமக்கு ஆறுதலாகவே இருந்துவந்தது என்றார். இன்னொருவர் தாமும் அதே தனிமையை உணர்ந்ததாகச் சொன்னார். ஒரே நடத்தை வெவ்வேறு மனிதர்களை வெவ்வேறு விதமாகத் தொட்டதை நான் அங்கே நேரில் கண்டேன். எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருந்தால் அது என்னை நொறுக்கியிருக்கும்; ஒருவரே சொல்லியிருந்தால் அவருடைய சிக்கல் என்று ஒதுக்கியிருப்பேன். பல கண்கள் ஒரே நேரத்தில் பார்ப்பதன் பயன் இதுவே. ஒரே ஒருவர் எதிரில் அமரும் தனிச் சிகிச்சை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இதைத் தர இயலாது.

கடைசியாகச் சிகிச்சையாளர் என்னிடம் திரும்பி, "இதைக் கேட்டபோது உங்களுக்குள் என்ன நடக்கிறது?" என்றார். என் வாயில் உடனே வந்தது ஒரு கேள்வி. அந்த உறுப்பினருக்கு எப்போதிருந்து இப்படித் தோன்றுகிறது என்று கேட்க முனைந்தேன். அதைக் கேட்காமல் நிறுத்திக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த வாரம் முழுவதும் குழுவிலிருந்து விலகுவதற்கான காரணங்களை மனம் அடுக்கிக்கொண்டே இருந்தது. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததால்தான் அடுத்த வாரம் சென்றேன். சென்று, விலக எண்ணியதையும் அங்கேயே சொன்னேன். அன்று அப்படிப் பேசிய அந்த உறுப்பினர், நான் இனி வரவே மாட்டேனோ என்று வாரம் முழுவதும் அஞ்சியதாகச் சொன்னார். என் துயரத்தைக் காட்டினால் பிறருக்குச் சுமையாவேன் என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. அதைக் காட்டாமல் இருந்ததே ஒருவருக்குச் சுமையாக இருந்திருக்கிறது என்பதும், காட்டியபோது அவர் நெருங்கி வந்தார் என்பதும் எந்த விளக்கத்தாலும் எனக்குள் இறங்கியிருக்காது. பழைய அச்சம் எழும் அதே சூழலில் புதிய முடிவு ஒன்று நேர்வதால் ஏற்படும் இந்த மாற்றத்தை 1946-இல் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் ஃபிரெஞ்சும் தனிச் சிகிச்சையை முன்வைத்து விளக்கினார்கள். குழுவில் அது நிகழ வாய்ப்புகள் பன்மடங்கு உள்ளன, ஏனெனில் அச்சத்தைத் தூண்டக்கூடிய மனிதர்களும் பலர், அதைப் பொய்யாக்கக்கூடியவர்களும் பலர்.

ஒரே மாற்றத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே பழக்கம் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் யாராவது கவனித்துச் சொன்னார்கள். நாளடைவில் நானே பாதியில் கவனித்துக்கொள்ளக் கற்றேன். மாற்றம் என்பது அங்கே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதன் விளைவாகவே வந்தது.

பிறருக்கு உதவ முடிவது என்ற காரணியைப் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தான் எதற்கும் பயன்படாதவன் என்ற உணர்வு ஆழமாக இருக்கும். மற்றவர்கள் பாராட்டினாலும் அது அசையாது. குழுவில் நாம் தற்செயலாகச் சொன்ன ஒரு சொல் தமக்கு உதவியது என்று பல வாரங்கள் கழித்து ஒருவர் நினைவுகூரும்போது அந்த உணர்வு சற்றே அசைகிறது. நோயாளியாக மட்டும் இருக்க வேண்டிய தேவை குழுவில் இல்லை. ஒரே மணி நேரத்தில் உதவி பெறுபவராகவும் தருபவராகவும் இருக்க முடிகிறது. தருவது என்றால் அறிவுரை தருவது அன்று. புதிய குழுக்களில் அறிவுரைகள் மழையாகப் பொழியும். கேட்பவர் அவற்றில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. உதவுவது, உங்கள் பேச்சு எனக்குள் இதை எழுப்பியது என்று ஒருவர் சொல்லும் நேர்மைதான்.

பூசல்களும் வரும். வந்தே தீரும். தொடக்க காலப் பணிவு மறைந்தபின், யாருக்கு அதிக நேரம் கிடைக்கிறது, சிகிச்சையாளருக்கு யாரைப் பிடிக்கிறது, புதியவர் ஏன் வந்தார் என்பனவெல்லாம் மனக்கசப்பாக வெளிப்படும். அதை ஒரு குழு கடந்து செல்வதற்குச் சிகிச்சையாளரின் காவல் மிகவும் தேவை. ஒருவரே தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால் மென்மையாக நிறுத்துவதும், பலர் சேர்ந்து ஒருவரைக் குறிவைக்கும்போது இடையே வந்து தடுப்பதும், வெளியுலகக் கதைகளிலேயே நேரம் கழியும்போது பேச்சை அறைக்குள் நிகழ்வதன் பக்கம் திருப்புவதும் அவர்களுடைய வேலை.

இனி, யாருக்கு இது பொருந்தும் என்பது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள், துணையையோ பிள்ளையையோ இழந்த துயரம், போதைப் பழக்கத்திலிருந்து மீளும் முயற்சி, உணவு உட்கொள்ளலில் ஏற்படும் கோளாறுகள், வன்முறையின் பின்விளைவுகள், நாள்பட்ட உடல்நோய் ஆகியவற்றுக்கு அந்தந்தச் சிக்கலுக்கென்றே அமைந்த குழுக்கள் பயன்தருகின்றன. தனிச் சிகிச்சையையும் குழுச் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பல சிக்கல்களுக்கு இரண்டின் விளைவும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாகவே கண்டறியப்பட்டுள்ளது. உறவுகள் நிலைப்பதில்லை, நெருக்கம் வந்தால் அச்சம் எழுகிறது, எங்கும் தனிமையாக உணர்கிறேன் என்று வருந்துபவர்களுக்குப் பேச்சுக் குழுவே முதல் தேர்வாகவும் இருக்கலாம். மனிதர்களைக் கண்டாலே கூசும் சமூகப் பதற்றம் உடையவர்கள் குழுவின் பெயரைக் கேட்டதும் பின்வாங்குவார்கள். ஆனால் அவர்கள் அஞ்சும் சூழலையே பாதுகாப்பான முறையில் எதிர்கொள்ள வழிசெய்வதால், அவர்களுக்கென வடிவமைக்கப்பட்ட குழுக்கள் நல்ல பயன் தந்திருக்கின்றன.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வதும் வேண்டும். உடலெங்கும் பரவிய மார்பகப் புற்றுநோய் உடைய பெண்களில், ஆதரவுக் குழுவில் பங்கேற்றவர்கள் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்ததாக டேவிட் ஸ்பீகலும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு பெரும் கவனத்தைப் பெற்றது. 2001-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று ஆயுள் நீடிப்பதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் மனத்துயரும் வலியை உணரும் அளவும் குறைந்ததை அதுவும் காட்டியது. துயரும் வலியும் குறைவது ஒன்றும் சிறிய பயன் அன்று. குழு நோயைக் குணமாக்கும் என்று சொல்லி அழைப்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

பொருந்தாத நிலைகளும் உண்டு. அவற்றுள் பல தற்காலிகமானவை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும் வேளையில் உடனடித் தனிக் கவனிப்பே தேவை. குழு அதற்கு ஏற்ற இடம் அன்று. மனச்சிதைவின் தீவிர நிலையில், எது உண்மை எது மருட்சி என்று பிரித்தறிய இயலாதபோது, திட்டமற்ற பேச்சுக் குழு குழப்பத்தைக் கூட்டலாம். நிலைமை சீரான பிறகு அவர்களுக்கென்றே நடத்தப்படும் ஒழுங்கமைந்த குழுக்கள் உதவும். போதையோடு அமர்வுக்கு வருபவர், பெருந்துயரம் நேர்ந்த முதல் நாட்களில் இருப்பவர், ஒழுங்காக வர இயலாத பணிச்சூழலில் இருப்பவர், பிறர் வற்புறுத்தலால் மட்டுமே வருபவர் ஆகியோர் காத்திருப்பது நல்லது. பிறரைத் தன் நலனுக்குப் பயன்படுத்துவதில் கூச்சமே இல்லாதவர் குழுவுக்கு ஊறு விளைவிப்பார். முன்சந்திப்பின் நோக்கங்களுள் அவரை அடையாளம் காண்பதும் ஒன்று.

தன்னுதவிக் குழுக்களைச் சிலர் இதனோடு ஒன்றாக எண்ணுகிறார்கள். மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற அமைப்புகளில் ஒரே துன்பத்தைக் கடந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கிறார்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அதை நடத்துவதில்லை, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட்டு விமர்சிப்பதும் பொதுவாக இல்லை. வாழ்நாள் முழுதும் செல்லக்கூடிய அந்தத் துணைக்குத் தனி மதிப்பு உண்டு. பலர் இரண்டிலும் பங்குபெறுகிறார்கள்.

ஆபத்துகளை மறைத்துவிட்டு இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. சிகிச்சையாளர் தொழில் நெறியாலும் சட்டத்தாலும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சக உறுப்பினர்களைப் பிணைப்பது பெரும்பாலும் அவர்கள் கொடுத்த வாக்கு மட்டுமே. ஆகவே பணியிடம், குடும்பம் முதலியவற்றை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துவிட்டுப் பேசலாம். உணர்வைச் சொல்ல அவை தேவைப்படுவதில்லை. நடத்துபவரின் தன்மையும் முக்கியம். கடந்த நூற்றாண்டின் அறுபதுகளில் அமெரிக்காவில் பரவிய சந்திப்புக் குழுக்களை (மனம்திறந்து பேசித் தங்களை அறிந்துகொள்ளப் பொதுமக்கள் கூடியவை) ஆராய்ந்து 1973-இல் முடிவுகளை வெளியிட்ட லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகியோர், கவர்ச்சியும் ஆக்கிரமிப்பும் மிக்க தலைவர்களின் குழுக்களிலேயே பங்கேற்றவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டதைக் கண்டார்கள். அழுது தீர்த்தால்தான் குணமாகும் என்று நெருக்குபவர், முதல் நாளிலேயே ஆழமான காயத்தைத் திறந்துகாட்டச் சொல்பவர், தன்னை ஐயுறுபவரைக் குழுவின் முன் நாணச் செய்பவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடுங்கள். எதையும் சொல்லாமல் இருக்கும் உரிமை எந்த அமர்விலும் உங்களுக்கு உண்டு.

சேர எண்ணுபவர்கள் முன்சந்திப்பில் சிலவற்றைக் கேட்டறியலாம். நடத்துபவருக்கு உளச்சிகிச்சையில் என்ன தகுதி இருக்கிறது, குழு நடத்துவதற்குத் தனியாகப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, ஒருவர் விதியை மீறினால் என்ன செய்வார், அமர்வுகளுக்கு இடையே மனநிலை மோசமானால் யாரை அழைக்க வேண்டும் என்பவை அவற்றுள் முதன்மையானவை. மருந்து எடுத்துக்கொள்பவர்கள் குழுவில் சேர்ந்துவிட்டதால் அதை நிறுத்த வேண்டியதில்லை. மாற்றங்களை மருத்துவரோடு மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். தனிச் சிகிச்சையும் தொடர்ந்தால், குழுவில் சொல்ல வேண்டியதைத் தனி அறையில் சொல்லித் தீர்த்துவிடும் வழக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காணொளிவழிக் குழுவாக இருந்தால், பிறர் காதில் விழாத ஓர் அறையும் காதில் அணியும் கேட்பொறியும் (ஹெட்ஃபோன்) கட்டாயம். அவை உங்களைவிட மற்ற உறுப்பினர்களைக் காப்பதற்கானவை.

உள்ளே அமர்ந்த பிறகு நான் கற்ற நடைமுறைகளுள் இரண்டைக் குறிப்பிடுகிறேன். முக்கியமானதை அமர்வு முடியும் தறுவாயில் சொல்லும் வழக்கம் எல்லாக் குழுவிலும் உண்டு. பதில் வருவதற்கு நேரமில்லாததால்தான் அப்போது சொல்லத் துணிவு வருகிறது. அதனால் சொல்ல வேண்டியது ஏதேனும் இருக்கும் நாளில், அது என்னவென்று சொல்லாவிட்டாலும், ஒன்று இருக்கிறது என்பதையாவது முதல் சில நிமிடங்களில் அறிவித்துவிடுவேன். பிறகு மறந்ததுபோல் இருந்துவிட மற்றவர்கள் விட மாட்டார்கள். அடுத்து, பேசும்போது வட்டத்தில் உள்ள ஒருவரை நோக்கிப் பேசுவது. பொதுவாக எல்லோருக்கும் என்று பேசினால் யாருக்கும் பேசியதாகாது.

விலகும் வேளை சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நான் விலகும் முடிவை அறிவித்தபோது சிலர் மகிழ்ந்தார்கள், ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தைக் கேட்கவும், எனக்கு அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் நேராகச் சொல்லவும் கடைசிச் சில அமர்வுகள் தேவைப்பட்டன. இதற்குமுன் எந்த உறவையும் நான் இப்படி முறையாக விடைபெற்று முடித்ததில்லை. மனநல மருத்துவரை இப்போதும் சந்தித்துவருகிறேன். மருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சோர்வு திரும்பினால் முன்சந்திப்புக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சிகிச்சையாளர்கள் கூறியிருக்கிறார்கள். பேச்சுக் குழுக்களில் இடம் காலியாகும்வரை காத்திருக்க நேரும் என்பதால், சேர விரும்புபவர்கள் நிலைமை முற்றும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே தங்கள் உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவைத்துக்கொண்டு, இடம் கிடைக்கும்வரை தனிச் சிகிச்சையைத் தொடரலாம்.